எட்டாவதுக்கு எத்தனை புள்ளி?

"பரவாயில்லைங்க, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று பக்கத்து இருக்கை அம்மாவின் கையைப் பிடித்து என் ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அவருடைய மகன் எட்டுப் பேரில் எட்டாவதாக வந்து சுவரைத் தொட்டிருந்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "எதுக்குப் பரவாயில்லை? அவன் எங்களுக்கு ஒரு புள்ளி எடுத்துட்டான்!"

அது சந்தோஷ அழுகை. எனக்கு முகம் சிவந்துவிட்டது.

2025 மார்ச் 29, சனிக்கிழமை. சியாட்டிலுக்குத் தெற்கே ஃபெடரல் வேயில் இருக்கும் நீச்சல் அரங்கில், ஆண்கள் கல்லூரி நீச்சல், டைவிங் தேசியப் போட்டியின் கடைசி நாள். நாங்கள் கென்டில் இருக்கிறோம், காரில் கொஞ்ச நேரம்தான். பதினோரு வயது மகள் நீச்சல் கிளப்பில் இருக்கிறாள். "அம்மா, ஒரே ஒரு நாள், ப்ளீஸ்" என்று ஒரு மாதமாக அரித்து எடுத்ததால் போனோம்.

இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தூறலில் குடை பிடிக்காமல் நடக்கப் பழகிவிட்டேன். மேகம் விலகும் நாளில் ரெய்னியர் மலை தெரிந்தால், நம்மூர்க் கோபுரத்தைப் பார்த்த மாதிரி மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். வேரூன்றிவிட்டோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்வது. ஆனால் அன்று அரங்கின் கதவைத் திறந்ததும் சூடான குளோரின் வாசம் முகத்தில் அடித்தது, நான் வேளச்சேரியில் நின்றேன்.

1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய நீச்சல் குளம் அது. ஃபெடரல் வே குளமும் அப்படித்தான், 1990இல் பல நாட்டு வீரர்கள் வந்த குட்வில் விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. இரண்டுக்கும் ஒரே வாசம். 1996இல் என் அண்ணன் அங்கே மாநிலப் போட்டிக்குப் போனான். திருநெல்வேலியிலிருந்து ராத்திரி ரயில், இலைக்கட்டில் புளியோதரை, அப்பாவின் மடியில் நான். அண்ணன் பழகியதெல்லாம் தாமிரபரணியில், குறுக்குத்துறையில். 1994இல் குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த செய்தி பேப்பரில் வந்ததிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. அவனுடையது தவளை நீச்சல், 200 மீட்டர். இறுதிச் சுற்று வரைக்கும் வந்தான். அதில் எட்டாவது.

"எட்டாவதுன்னா கடைசிதானல?" என்று கேட்டார் அப்பா. அவ்வளவுதான் கேட்டார். ரயில் செலவுக்குக் கடன் வாங்கியிருந்த மனுஷன், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் செய்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது. பத்து வயசு எனக்கு. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், "எங்க அண்ணன் கடைசியா வந்தான்" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அது சுற்றி வளைத்து அவன் காதுக்குப் போய்விட்டது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கப்புறம் எந்தப் போட்டிக்கும் அவன் பெயர் கொடுக்கவில்லை.

பக்கத்து அம்மாதான் பொறுமையாகக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். காலையில் தகுதிச் சுற்று. அதில் முதல் எட்டு இடத்தில் வந்தவர்களுக்கு மாலையில் ஒரு இறுதிப் போட்டி, அடுத்த எட்டுப் பேருக்குத் தனியாக இன்னொன்று. ஆகப் பதினாறு பேருக்குப் புள்ளி. முதலிடத்துக்கு 20, அடுத்து 17, பிறகு 16, 15 என்று ஒவ்வொன்றாக இறங்கி எட்டாம் இடத்துக்கு 11. ஒன்பதாவதுக்கு 9, பத்தாவதுக்கு 7, பதினாறாவதுக்கு 1. அவர் மகன் எட்டாவதாக வந்தது இரண்டாவது இறுதிப் போட்டியில், அதாவது மொத்தத்தில் பதினாறாவது; அந்த ஒரு புள்ளிக்குத்தான் அழுகை. நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக நீந்தும் தொடர் நீச்சலில் எல்லாமே இரட்டிப்பு, ஜெயித்தால் 40. ஆனால் முன்னால் போனவன் சுவரைத் தொடுவதற்குள் அடுத்தவன் அவசரப்பட்டுக் குதித்துவிட்டால் மொத்த அணிக்கும் சுழியம்.

"எட்டாவதுக்கு 11ஆ?" என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் ஆமாம் என்றார்.

அதற்குமேல் முதலாவது வருகிறவனை நான் பார்க்கவே இல்லை. என் கண் ஓரத்து லேன்களிலேயே நின்றது. அன்று டெக்சாஸ், கலிஃபோர்னியா, இந்தியானா மூன்று பல்கலைக்கழக அணிகளுக்கும்தான் போட்டி. ஐந்தாவதாக வர வேண்டியவன் ஏழாவதாக வந்தால் இரண்டு புள்ளி போச்சு. அந்த அணிக்காரர்கள் தலையில் கை வைக்கிறார்கள். பதினான்காவதாக வர வேண்டியவன் பன்னிரண்டாவதாக வந்தால் குளத்தோரம் நிற்கும் பையன்கள் எல்லாம் எம்பிக் குதிக்கிறார்கள். 2010 பெண்கள் போட்டியில் ஃபுளோரிடா 382, ஸ்டான்ஃபோர்டு 379.5 என்று முடிந்ததாம். இரண்டரைப் புள்ளியில் கோப்பை! அரைப் புள்ளி எப்படி என்றால், இருவர் ஒரே நேரத்தில் தொட்டால் புள்ளியைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள், நாம் சீடையைக் கடித்துப் பாதி கொடுப்பதுபோல.

மல்லாக்க நீச்சல் 200இல் டெக்சாஸின் ஹூபர்ட் கோஸ் ஜெயித்தபோது அரங்கமே அதிர்ந்தது. ஹங்கேரிப் பையன், பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே நீச்சலில் தங்கம் வாங்கியவன். அவனுடைய பயிற்சியாளர் பாப் பவ்மன், மைக்கேல் ஃபெல்ப்ஸை வளர்த்தெடுத்தவர். அதற்கு முந்தின வருஷம் அரிசோனா ஸ்டேட்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு டெக்சாஸுக்கு வந்திருந்தார். மகளுக்கு அவரைத் தூரத்தில் பார்த்ததே திருவிழா.

நடுவில் பத்து மீட்டர் மேடையிலிருந்து டைவிங். இந்தியானாவுக்கு டைவிங்கில் நல்ல பேர். அந்தப் புள்ளியும் நீச்சல் புள்ளியோடு ஒன்றாகத்தான் சேரும். குறுக்குத்துறையில் கல்மண்டபத்து மேலிருந்து ஆற்றில் சாடுவார்கள். யார் சாடினால் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்புகிறதோ அவன்தான் ராஜா. படித்துறையில் துவைக்கிற அக்காமார் வாயில் விழுகிற வசவுதான் பரிசு. இங்கே தண்ணீர் தெறிக்கவே கூடாது. ஒரு பையன் மேலேயிருந்து மூன்று சுற்றுச் சுற்றி, ஊசி துணியில் இறங்குவதுபோல் உள்ளே போனான். கை தட்டினேன். கண்ணுக்குள் ஓடியது என்னவோ மண்டபம்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயிலே முங்கிக் கிடந்ததை அண்ணன் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். பின்னணியில் அவன் குரல்: "பாருட்டி, நம்ம மண்டபத்தக் காணோம்." அலுவலகத்தில் வைத்து அதைப் பார்த்துவிட்டு அன்று பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை.

கடைசித் தொடர் நீச்சல் முடிந்து பலகையில் கணக்கு வந்தது. டெக்சாஸ் 490, கலிஃபோர்னியா 471, இந்தியானா 459. டெக்சாஸுக்கு 16ஆவது கோப்பை. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில் 19 புள்ளி, நான்கு நாள் நீந்தி ஒரு தங்கத்தின் விலைகூட வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் 12. பதினொன்று எடுத்துக் கொடுக்கும் ஒரு எட்டாவது ஆளின் பெறுமதி என்ன என்று அந்தப் பலகையே சொல்லிக்கொண்டிருந்தது.

வெளியே மழை. கார் நிறுத்துமிடத்திலேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை, ஆற்றில் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தான்.

"என்னட்டி, இந்நேரத்துல? அங்க இப்பம் ராத்திரில்லா?"

எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். பதினாறு பேருக்கும் புள்ளி, எட்டாவதுக்கு 11, மூன்றாம் வகுப்புப் பிள்ளைபோல விரல் மடக்கிச் சொன்னேன். அப்புறம், அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொன்னதற்கு மன்னிச்சுக்கோ என்றும் சொல்லிவிட்டேன். இருபத்தொன்பது வருஷம் கழித்து.

அந்தப் பக்கம் சத்தமில்லை. ஈரத் துண்டை உதறும் ஓசை மட்டும் கேட்டது.

"ரெண்டு நிமிஷம் அம்பத்தெட்டு புள்ளி நாலு" என்றான்.

"என்னது?"

"அன்னைக்கு என்னோட டைம்."

மகள் போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். "மாமா, நிஜமாவா? 200 மீட்டரா? நான் அதைவிட ஸ்லோ மாமா. இங்க நாங்க 25 கெஜக் குளத்துல நீந்துறோம், அதுலயே எனக்கு மூணு நிமிஷத்துக்கு மேல ஆகுது. நீங்க அம்பது மீட்டர் குளத்துல, அதுவும் ஆத்துல பழகிட்டுப் போய்..."

ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சரியா கேக்கல மக்கா. இன்னொரு தடவ சொல்லு."