எட்டாம் வகுப்போடு ஏரிக்கரைக்கு: அனுமதிக் கடிதம் முதல் ஐநேச்சுரலிஸ்ட் வரை பட்ட பாடு

ஒருவழியாக எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்த படங்களில் சில, ஐநேச்சுரலிஸ்ட்டில் ‘ரிசர்ச் கிரேடு’, அதாவது ஆய்வுக்குத் தகுந்த உறுதியான பதிவு என்ற நிலைக்கு வந்துவிட்டன. நேற்று இரவு பட்டியலைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. செடி, பூச்சி, பறவைகளைப் படமெடுத்துப் பதிந்தால் மற்றவர்கள் பெயர் சொல்லி உதவும் ஆப் அது. அதை எப்படி இறக்குவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கெங்கே சிக்கினோம், யார் அலைக்கழித்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். அடுத்து ஒரு வகுப்பைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் ஆசிரியருக்காவது இந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

பள்ளியின் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் சிரமமில்லாமல் கிடைத்தன. இழுத்தடித்தது ஏரியைப் பராமரிக்கும் அலுவலகம்தான். எத்தனை மாணவர்கள், உடன் வரும் ஆசிரியர்கள் யார், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குத் திரும்புவோம், எதையும் பறிக்கவோ பிடிக்கவோ மாட்டோம் என்ற உறுதி, எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய எழுத்தர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “தண்ணி மட்டும்தான் டீச்சர் எங்களுது. கரையில இருக்கிற மரம் செடியெல்லாம் வேற ஆபீஸ். அங்க போய்க் கேளுங்க” என்றார். அங்கே போனால், “ஏரின்னு எழுதியிருக்கீங்களே, அப்ப அவங்கதானே கொடுக்கணும்?” என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் முதல் அலுவலகம். இந்தத் தடவை அதே எழுத்தர், அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை என்று சாதித்தார்.

கடிதம் கொடுத்த அன்றே நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்திருந்தேன். அது கைகொடுத்தது. நேராக அதிகாரியின் அறைக்குப் போய் நகலை நீட்டினேன். முழுசாகப் படித்தார். “பசங்க பூச்சி, பறவை பார்க்கப் போறாங்க, அவ்வளவுதானே?” என்று கேட்டுவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு கையெழுத்துக்காக எத்தனை விடுப்பு போயிற்று என்று நினைத்தால் இன்னமும் எரிகிறது.

ஆகவே, இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் கடிதம் கொடுங்கள். ஒன்றின் நகல் மற்றதற்கும் போயிருக்கிறது என்பதைக் கடிதத்தின் கீழேயே குறித்துவிடுங்கள். முத்திரை வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். அனுமதி ஆணையின் நகலைப் போகும் அன்று கையிலேயே வைத்திருங்கள். எங்களை வாசலில் நிறுத்திய காவலாளிக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆணையைக் காட்டிய பிறகுதான் கதவு திறந்தது.

அடுத்தது வயது. 13 வயது நிரம்பாத பிள்ளைகள் பெற்றோர் சம்மதமில்லாமல் ஐநேச்சுரலிஸ்ட்டில் கணக்குத் தொடங்க முடியாது. எட்டாம் வகுப்பில் சிலர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், சிலர் அந்தப் பக்கம். பொய்யான பிறந்த தேதி போட்டுச் சமாளிக்கலாம் என்று ஒரு பெற்றோரே சொன்னார். ஒத்துக்கொள்ளவில்லை. சின்னவர்களுக்கு அதே குழுவினர் நடத்தும் ‘சீக்’ ஆப் போதும். அதற்குக் கணக்கே வேண்டாம், கேமராவைக் காட்டினால் பெயர் சொல்லும். சின்னவர் ஒருவர், பெரியவர் ஒருவர் என்று ஜோடி சேர்த்தேன். சின்னவர் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும், பெரியவர் தன் போனில் எடுத்துத் தானே ஏற்ற வேண்டும். அடுத்தவர் எடுத்த படத்தைத் தன் பதிவாகப் போடக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு சரியாக அமைந்தது. பயனர் பெயரில் முழுப்பெயரோ பள்ளியின் பெயரோ வேண்டாம். வீட்டிலிருந்து ஏதாவது ஏற்றினால் இருப்பிடத்தை மங்கலாக்கும் அமைப்பைப் போட்டுவிட வேண்டும். இதைப் பெற்றோரிடமும் சொல்லி வைத்தேன்.

இனி, என்னை மிகவும் நோகடித்த விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முன் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். நடத்தியவர், “எல்லாப் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள், அங்கிருந்து இறக்கி ஏற்றிக்கொள்ளலாம்” என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு அறை நிறைய ஆசிரியர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டோம். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால், எங்கே, எப்போது எடுத்தது என்று படத்துக்குள் பதிந்திருக்கும் தகவல் நீங்கிவிடும், படமும் சுருங்கிவிடும். ஏற்றிய பிறகு பார்த்தால் பதிவுகளில் இடமே இல்லை. தேதியோ இடமோ இல்லாத பதிவு ‘கேஷுவல்’ என்ற அடித்தட்டிலேயே கிடக்கும், யாரும் எட்டிப் பார்ப்பது அபூர்வம்.

தேதியையும் இடத்தையும் கையால் போடலாம். மதிய இடைவேளைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, வரைபடத்தில் கரையின் வளைவைத் தேடிப் புள்ளி வைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். ஆனால் படத்தின் தெளிவை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது? ஒரு மாணவி, பெண் தும்பி ஒன்று வாலை நீரில் தொட்டுத் தொட்டு முட்டையிடுவதை மண்டியிட்டுக் காத்திருந்து எடுத்திருந்தாள். தும்பியை இனம் பிரிக்க இறக்கையின் நரம்பமைப்பும் வால் நுனியின் வடிவமும் தெரிய வேண்டும். சுருங்கிய படத்தில் இரண்டுமே கரைந்துவிட்டன. போனில் இடமில்லை என்று மூலப்படத்தை அழித்துவிட்டிருந்தாள். அந்தப் பதிவு வெறும் ‘தும்பி’ என்ற அளவிலேயே நிற்கிறது. பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் ஒரே ஒரு படத்தையாவது தாங்களே அந்த வழியில் ஏற்றிப் பார்த்திருக்கலாம்.

போனின் கேமராவில் இருப்பிடத்தை முதலிலேயே இயக்கி, ஆப்பிலிருந்தே நேராக ஏற்றச் சொல்லுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்புங்கள், தகவல் நிற்கும். பதிவுகள் உறுதியாகும்வரை மூலப்படத்தை அழிக்கவே கூடாது.

பதிவு செய்யத் தகுந்தது எது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். தொட்டிச்செடி, பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தி போன்றவை மனிதர் வளர்ப்பவை. அவற்றை அப்படியே குறிக்க வேண்டும், அவை ரிசர்ச் கிரேடு ஆகாது. சுவர் இடுக்கில் தானாக முளைத்த வெட்டுக்காயப்பூண்டுக்கு அந்தத் தடை இல்லை. இதைக் கேட்ட பிறகு பிள்ளைகளின் பார்வை அழகான பூக்களிலிருந்து களைகளின் பக்கம் திரும்பியது, எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. செடி என்றால் பூ, இலை, முழுத்தோற்றம் என மூன்று படமாவது வேண்டும். மூன்றும் ஒரே செடியுடையதாக இருக்க வேண்டும்.

ரிசர்ச் கிரேடு ஆவதற்குக் குறைந்தது இரண்டு பேர் இனத்தில் ஒத்துப்போக வேண்டும், பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். இந்த வேலையைச் செய்பவர்கள் சம்பளமில்லாத ஆர்வலர்கள். மங்கலான படங்களை வகுப்பு வகுப்பாகக் கொட்டினால் அவர்கள்தான் பாவம். ஆளுக்கு நல்லதாக ஐந்து போதும் என்று நான் வரம்பு வைத்தேன்.

அந்த ஆர்வலர்களில் ஒருவரால்தான் இந்த முயற்சியின் ஆகச் சிறந்த பாடம் நடந்தது. ஒரு மாணவன் பூவின் மேல் உட்கார்ந்த பூச்சியை எடுத்து ‘தேனீ’ என்று போட்டிருந்தான். மஞ்சளும் கறுப்புமாக வரி, யாராக இருந்தாலும் தேனீ என்றுதான் சொல்வார்கள். “இறக்கைகளை எண்ணிப் பார்” என்று மட்டும் ஒருவர் குறிப்பு எழுதினார். படத்தைப் பெரிதாக்கினோம். ஒரு ஜோடி இறக்கைதான். தேனீக்கு இரண்டு ஜோடி உண்டு. தலையை ஏறக்குறைய முழுவதும் மூடிய கண்கள், தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்குக் குட்டையான உணர்கொம்புகள். அது ஹோவர்ஃப்ளை என்னும் ஈ வகை. கொட்டவே தெரியாது, கொட்டும் பூச்சியின் நிறத்தைப் பூண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. “அப்ப இது நம்மளையும் ஏமாத்திடுச்சு மிஸ்” என்றான் அவன். பாவனைத் தோற்றம் பற்றி நான் வருஷா வருஷம் பலகையில் எழுதியது அன்றைக்குத்தான் வகுப்பு முழுவதற்கும் ஏறியது.

இன்னொன்று: உறுதியான பதிவுகள் ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளத்துக்குப் போய் ஆய்வாளர்களுக்குப் பயன்பட வேண்டுமென்றால், பதிவின் உரிமத்தை, மற்றவர்களும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் வகைகளில் CC0, CC BY, CC BY-NC ஆகியவற்றில் ஒன்றாக விட்டுவைக்க வேண்டும். ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்று மாற்றினால் போகாது.

பறவைகளுக்கு, பார்த்தவற்றின் பட்டியலைப் பதியும் இ-பேர்ட் என்ற தளம் வசதி, படமே தேவையில்லை. பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் கிரேட் பேக்யார்டு பேர்டு கவுண்ட் என்ற பறவைக் கணக்கெடுப்பில் 15 நிமிடம் பார்த்து எண்ணினாலே சேர்த்துக்கொள்வார்கள். வெளியே போக அனுமதியே கிடைக்காத பள்ளி என்றால், மாணவர்கள் தங்கள் சுற்றுச்சூழலைக் கவனித்துப் பதியும், 1995 முதல் நடக்கும் குளோப் என்ற பன்னாட்டுத் திட்டத்தைப் பாருங்கள். உங்கள் நாடு அதில் உறுப்பு நாடா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கான பயிற்சி இணையத்திலேயே இருக்கிறது. பள்ளி மைதானத்தில் நின்று மேகங்களைப் பதியலாம். செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தோடு பொருந்தினால், மேலிருந்து அது பார்த்ததையும் கீழிருந்து பிள்ளைகள் பார்த்ததையும் ஒப்பிட்டு மின்னஞ்சல் வரும். கடக்கும் நேரத்தை அந்தத் திட்டத்தின் ஆப்பே காட்டும், அதைப் பார்த்துப் பாடவேளையை மாற்றிக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துவிடுங்கள்.