மாமாவின் மொரிஸ் மைனரும் மச்சானின் பென்ஸும்

மச்சானின் பென்ஸ் ஈ-கிளாஸைக் கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது கியரும் தானாகவே மாறுகின்றன, சத்தமேயில்லை. அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போக இதுதான் சரி.

ஆனால் என் மனம் மாமாவின் மொரிஸ் மைனரில்தான். 1098 சிசி என்ஜின், நாலே கியர். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (பற்சக்கரங்களின் வேகத்தைப் பொருத்தி கியரை இலகுவாய் விழவைக்கும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுதாய் நிற்கமுதல் போட்டால் பல்லை நெரிக்கும். பற்சக்கரம் பற்சட்டத்தை நேராய் நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கில் றோட்டின் ஒவ்வொரு ஒட்டும் கைக்குத் தெரியும். பொறியியலாளர் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் முதலில் வந்த மொடல், வளைவுகளில் இன்னும் என்ன அழகாய்த் திரும்புகிறது! பொனட்டைத் திறந்தால் கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் கண்முன்னே. பென்ஸில் தெரிவது பிளாஸ்டிக் மூடிதான்.

கடற்காற்றுக்கு மைனரின் அடித்தகடு துருப்பிடிக்கும், பராமரிப்பு வேண்டும். பரவாயில்லை. மாமா விற்பதென்றால் முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும்.