புது பிளக் போட்டபின் மிஸ்ஸிங்: மூன்றாவது சிலிண்டரைத் துரத்தியது

நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் மேலே, அதற்கு உயர் வோல்டேஜ் தரும் தனித்தனி காயில் உட்காரும் வகை. பழைய பிளக்குகளில் எலெக்ட்ரோடு தேய்ந்து இடைவெளி அகன்றிருந்ததால் நான்கையும் மாற்றினேன். கையேட்டில் இருந்த அதே எண், அதே ஹீட் ரேஞ்ச் (பிளக் தன் சூட்டைக் கடத்தும் அளவு), இரிடியம் முனை. என்ஜின் நன்றாக ஆறியபின் கையாலேயே மரையைப் பிடிக்கவைத்து, டார்க் ரெஞ்சால் முடித்தேன். 14 மி.மீ மரையும் வாஷரும் உள்ள பிளக்கை அலுமினிய ஹெட்டில் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குவார்கள். மரையில் கிரீஸோ, மரை ஒட்டிப்போகாமல் இருக்கத் தடவும் ஆன்டி-சீஸோ தடவவில்லை. தடவினால் உராய்வு குறைந்து, ரெஞ்ச் அதே அளவைக் காட்டினாலும் பிளக் கூடுதலாக இறுகிவிடும்.

சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் ஐடிலில் உதறல். சைலன்சர் முனையில் உள்ளங்கையைக் காட்டினால் காற்று ஒரே சீராக வராமல் நடுநடுவே தவறியது. ஓட்டிப் பார்த்ததில் சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. உயர் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. அப்போது செக் என்ஜின் விளக்கும் கண்சிமிட்டியது. அந்த விளக்கு விடாமல் எரிந்தால் வீடு வரை மெதுவாக ஓட்டி வரலாம். கண்சிமிட்டினால் ஓட்டுவதை நிறுத்துவதே நல்லது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தால், கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே உருகிவிடும். பிளக் செட்டின் விலை அதன் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பலரும் இந்த இடத்தில் புது பிளக்கைச் சந்தேகித்து இன்னொரு செட் வாங்கிவிடுகிறார்கள். என் கணக்கு வேறு. கழற்றுவதற்கு முன் ஓடிய என்ஜின் கழற்றியபின் உதறுகிறது என்றால், வேலையின்போது கை பட்ட எல்லாமே விசாரணைக்கு வரவேண்டும். பிளக் அவற்றில் ஒன்றுதான். ஏர் ஃபில்டர் பெட்டி, அதிலிருந்து போகும் குழாய், காற்றளவு சென்சாரின் கனெக்டர், சின்ன வேக்குவம் ஹோஸ்கள், காயில் கனெக்டர்கள், காயிலின் அடியில் இருக்கும் ரப்பர் பூட். இத்தனையையும் தொட்டிருக்கிறோம்.

காற்றுப் பக்கம் சீக்கிரம் முடிந்தது. கிளிப்புகள் சரியாக விழுந்திருந்தன, ஹோஸ் எதுவும் கழன்றிருக்கவில்லை. ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம்மையும், அதாவது என்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவையும், பார்த்தேன். வேக்குவம் கசிந்தால் ஐடிலில் டிரிம் நன்றாக மேலே ஏறி, ஆர்பிஎம் கூட்டியதும் இறங்கும். இங்கே ஐடிலில் லேசாக ஏறியிருந்ததே தவிர ஆர்பிஎம் கூட்டியும் மாறவில்லை. மிஸ்ஃபயர் ஆகும், அதாவது எரிப்பு தவறும், சிலிண்டரிலிருந்து எரியாமல் வரும் ஆக்சிஜனைப் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் குறைவு என்று எடுத்துக்கொள்ளும், அதனால் அந்தச் சின்ன ஏற்றம் மிஸ்ஃபயரின் விளைவுதான் என்று முடிவு செய்தேன்.

பிழைக் குறியீடு பி0303. கடைசி எண் சிலிண்டரைச் சொல்கிறது. பி0300 வந்திருந்தால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர், தேடல் வேறு பக்கம் போயிருக்கும். ஒரே சிலிண்டர் என்றால் பாகங்களை இடம் மாற்றிப் பார்க்கும் வழி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

முதலில் மூன்றாவது பிளக்கை ஒன்றுக்கும், ஒன்றை மூன்றுக்கும் மாற்றினேன். குறியீட்டை அழித்து ஓட்டினேன். மறுபடியும் பி0303. புது பிளக் நிரபராதி. அடுத்து மூன்றின் காயிலை இரண்டில் வைத்தேன். இந்த முறை பி0302 வந்தது. தவறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது.

இந்த இடத்திலேயே புதுக் காயில் வாங்கியிருக்கலாம். ஆனால் பல காயில்களில் ரப்பர் பூட்டையும் அதனுள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் தனியாக உருவலாம். என்னுடையதும் அப்படித்தான். காயில்களை அவற்றின் சொந்த இடத்துக்கே திருப்பி, பூட்டை மட்டும் இரண்டுக்கும் மூன்றுக்கும் மாற்றினேன். மறுபடியும் பி0302. அப்படியானால் காயில் நல்லது, பூட்தான் கெட்டது.

அந்தப் பூட்டை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தேன். வாயிலிருந்து மேல்நோக்கி, பென்சிலால் இழுத்தது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. விரலால் அகட்டினால் அதே வரியில் ரப்பர் வெடித்திருந்தது. கரித்தடம் என்பது இதுதான். மின்பொறி பிளக் முனையில் தாவாமல், பீங்கானுக்கும் ரப்பருக்கும் இடையே இறங்கி பிளக்கின் இரும்பு உடம்புக்கு ஓடிய வழி. ஒருமுறை ஓடினால் அங்கே கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்துவதால் அடுத்த பொறிக்கு அதுவே சுலபமான பாதை.

லோடு கொடுத்தால் மட்டும் ஏன் அதிகம் வெட்டியது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று கூடுதலாக நிரம்பி, பிளக் முனையில் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். முனை கடினமாகும்போது மின்சாரம் பூட்டின் வெடிப்பு வழியாக நழுவுகிறது.

பழைய பூட் சூட்டில் இறுகி, பழைய பிளக்கின் பீங்கானோடு ஒட்டிப்போய் இருந்திருக்கிறது. அதுவரை பொறி நழுவ வழி இல்லை. உருவும்போது அந்த ஒட்டு விட்டு, கடினமான ரப்பர் வெடித்தது. எவ்வளவு பக்குவமாகத் திருகி எடுத்தாலும் அந்த நிலைக்கு வந்த ரப்பர் தாங்காது.

பிளக்குகளையும் மறுபடி பார்த்தேன். பீங்கானில் இரும்பு தொடங்கும் இடத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம். அது கொரோனா கறை, எண்ணெய்த் துகள் படிந்து வருவது, ஓட்டத்தைக் கெடுக்காது. மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புக் கோடுதான் ஆபத்து. அந்தப் பூட்டின் அடியில் மாறி மாறி இருந்த பிளக்குகளில் அப்படிக் கோடு விழத் தொடங்கியிருந்தது, துடைத்தும் போகவில்லை. அவற்றையும் எடுத்துவிட்டேன். கோடு விழுந்த பிளக்கின் மேல் புதுப் பூட்டைப் போட்டால் அதுவும் அதே வழியில் எரியும். மற்ற மூன்று பூட்டுகளும் அதே வயது என்பதால் நான்கையும் மாற்றி, வாய் விளிம்பின் உட்புறத்தில் மட்டும் மின்சாரத்தைக் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவினேன்.

இப்போது ஐடில் அசையாமல் நிற்கிறது. முன்பு வெட்டிய அதே கியரில், அதே ஆர்பிஎம்மில் மேட்டில் ஏற்றிப் பார்த்தேன், சுத்தமாக இழுத்தது. ஸ்கேனரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கை நான்கு சிலிண்டரிலும் பூஜ்யம்.

ஒரு வேலை பாக்கி. மூன்றாவது பிளக் குழியின் அடியில் எண்ணெய் ஈரம் இருந்தது, மற்ற மூன்றும் உலர்ந்திருந்தன. வால்வு கவரின் கீழ் இருக்கும் குழாய் சீல் அந்த இடத்தில் கசிகிறது. எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும், மூன்றாவது பூட் முதலில் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கவேண்டும். குழியைத் துடைத்து வைத்திருக்கிறேன். அடுத்து வால்வு கவரைக் கழற்றி, கேஸ்கெட்டையும் நான்கு குழாய் சீல்களையும் சேர்த்து மாற்றப்போகிறேன்.