ஒளிமின் விளைவு: சமன்பாட்டைக் கடைசியில் படியுங்கள்

ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளிவருவதுதான் ஒளிமின் விளைவு. அது இடம்பெறும் ப்ளஸ் டூ இயற்பியலின் இருமைப் பண்பு (அலையாகவும் துகளாகவும் நடந்துகொள்வது) பாடத்தைப் பற்றிக் கேட்டால், "சின்னப் பாடம்தான், சுலபமா மார்க் வரும்" என்பார்கள். பொதுத்தேர்வுக்கு அது ஓரளவு சரி. நீட், ஜேஇஇ பக்கம் போனால் கதை வேறு. அங்கே ஐன்ஸ்டீன் சமன்பாட்டை எழுதச் சொல்ல மாட்டார்கள். ஒளியின் செறிவை (பிரகாசத்தை) இரட்டித்தால் என்ன ஆகும், அதிர்வெண்ணை இரட்டித்தால் என்ன ஆகும் என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். சோதனைகளை முதலில் படித்து, சமன்பாட்டைக் கடைசிக்குத் தள்ளியபோதுதான் எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது. இப்போது ஜூனியர்களுக்குச் சொல்லித்தருவதும் அதே வரிசையில்தான்.

ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குங்கள். 1887-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் மின்காந்த அலைகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஏற்பியில் (அலையைப் பிடிக்கும் கருவியில்) வரும் தீப்பொறி மிகச் சிறியது. நன்றாகத் தெரியட்டும் என்று அதை ஒரு பெட்டிக்குள் மறைத்தார். தீப்பொறி இன்னும் சிறுத்துப்போனது. நடுவில் கண்ணாடியை வைத்தாலும் சிறுத்தது, குவார்ட்ஸை வைத்தால் சிறுக்கவில்லை. கண்ணாடி தடுப்பதும் குவார்ட்ஸ் விடுவதும் புறஊதாக் கதிரை. ஒளி அலைதான் என்று நிறுவிக்கொண்டிருந்த அதே மேசையில்தான், அலையால் விளக்க முடியாத விஷயமும் முதலில் தலைகாட்டியது. அடுத்த ஆண்டே ஹால்வாக்ஸ், எதிர்மின்னூட்டம் கொண்ட துத்தநாகத் தகடு புறஊதாக் கதிர் பட்டதும் மின்னூட்டத்தை இழப்பதைக் காட்டினார்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு கணக்குப் போடுங்கள். 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைத்துவிடும். பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம் எல்லாம் இந்த ஒற்றை எண்ணுக்குள் அடக்கம். துத்தநாகத்தின் வெளியேற்று ஆற்றல் (ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கக் குறைந்தபட்சம் தேவையான ஆற்றல்) சுமார் 4.3 எலக்ட்ரான் வோல்ட். திருப்பிப் போட்டால் 288 நானோமீட்டர் வருகிறது. சாதாரணக் கண்ணாடி விழுங்கிவிடும் பகுதி அது! பயன்தொடக்க அதிர்வெண் (இதற்குக் கீழே போனால் எலக்ட்ரானே வராது) என்பது வெறும் வரையறையாக இல்லாமல், ஒரு கண்ணாடித் துண்டு ஏன் விளைவையே நிறுத்தியது என்பதற்கான பதிலாக மாறிவிடும்.

அப்புறம் லெனார்டு. 1902-ல் அவர் கண்டது இது: ஒளியின் செறிவைக் கூட்டினால் வெளிவரும் எலக்ட்ரான்கள் அதிகமாகின்றன, ஆனால் அவற்றின் பெரும ஆற்றல் கூடுவதில்லை. என் நோட்டில் இதற்கு மூன்று பத்தி போட்டு எழுதினேன்: அலைக் கொள்கை என்ன எதிர்பார்க்கிறது, சோதனையில் என்ன நடக்கிறது, ஃபோட்டான் எப்படி விளக்குகிறது. செறிவு, அதிர்வெண், காலதாமதம் (ஒளி பட்டதற்கும் எலக்ட்ரான் வெளிவருவதற்கும் உள்ள இடைவெளி) மூன்றுக்கும் இப்படி எழுதிப் பாருங்கள். ஐந்து மார்க் விடை அதிலேயே இருக்கிறது.

இப்போது 1905. பிளாங்க் 1900-லேயே ஆற்றலைத் துண்டு துண்டாக்கிவிட்டாரே என்று பலர் குழம்புவார்கள். அவர் துண்டாக்கியது வெப்பக் கதிரை வெளியிடும் அலையியற்றிகளின் ஆற்றலை. ஒளியே துண்டுகளாகப் பயணிக்கிறது என்று துணிந்தவர் ஐன்ஸ்டீன். ஒரு ஃபோட்டான் தன் ஆற்றல் முழுவதையும் ஒரே எலக்ட்ரானுக்குக் கொடுக்கிறது. வெளியேற்று ஆற்றல் போக மிச்சம் இருப்பது பெரும இயக்க ஆற்றல். சமன்பாடு அவ்வளவுதான். 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு வந்தது சார்பியலுக்காக அல்ல, இதற்காக.

சோடியத்தை வைத்துப் பழகுங்கள். வெளியேற்று ஆற்றல் 2.3 என்று எடுத்துக்கொள்ளலாம். 620 நானோமீட்டர் சிவப்பு ஒளி 2.0 மட்டுமே தருகிறது. எவ்வளவு பிரகாசமாக்கினாலும் பயனில்லை. 400 நானோமீட்டர் ஊதா ஒளி 3.1 தரும், மிச்சம் 0.8. ஆகவே நிறுத்து மின்னழுத்தம் (மிக வேகமான எலக்ட்ரானையும் தடுத்து நிறுத்தும் எதிர் மின்னழுத்தம்) 0.8 வோல்ட். அதிர்வெண்ணை இரட்டித்தால்? 6.2 கழித்தல் 2.3, அதாவது 3.9. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அவசரத்தில் "இரண்டு மடங்கு" என்று டிக் அடிக்க வைக்கவே அந்த ஆப்ஷனைக் கொடுத்திருப்பார்கள்.

வரைபடங்களைப் பொறுத்தவரை, அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கோட்டைப் பார்க்க வேண்டும். அதிர்வெண்ணுக்கு எதிரே இயக்க ஆற்றல் என்றால் சாய்வு பிளாங்க் மாறிலி. நிறுத்து மின்னழுத்தம் என்றால் அதை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுக்க வேண்டும். உலோகம் மாறினால் கோடு இணையாக நகரும், சாய்வு மாறாது. 1916-ல் மில்லிகன் இந்த நேர்கோட்டை வரைந்துதான் பிளாங்க் மாறிலியைத் துல்லியமாகக் கண்டார். வேடிக்கை என்னவென்றால், சமன்பாடு பொருந்துகிறது என்று ஒப்புக்கொண்ட அவரே அப்போது ஒளித்துகளை நம்பவில்லை. 1923-ல் காம்ப்டன், எலக்ட்ரானில் மோதிச் சிதறும் எக்ஸ் கதிரின் அலைநீளம் கூடுவதைக் காட்டினார். ஃபோட்டானுக்கு உந்தமும் உண்டு என்பது அதில் தெரிந்தது.

எலக்ட்ரான் போன்ற துகளுக்கும் அலைநீளம் உண்டு என்று சொல்லும் டி ப்ராய் பகுதிக்கு அதிக நேரம் வேண்டாம். 12.27-ஐ எலக்ட்ரானை முடுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அதன் அலைநீளம் ஆங்ஸ்ட்ராமில் வரும். எலக்ட்ரானின் அலைப் பண்பைக் காட்டிய டேவிசன்-ஜெர்மர் சோதனையின் 54 வோல்ட்டுக்கு 1.67. சோதனையில் கிடைத்தது 1.65.

பல கைடுகளில் இருக்கும் ஒரு வரியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்: "செறிவு என்றால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை." அதிர்வெண் மாறாதவரைதான் இது சரி. செறிவை மாற்றாமல் அதிர்வெண்ணை உயர்த்தினால், ஒவ்வொரு ஃபோட்டானும் அதிக ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. எனவே ஒரு வினாடியில் வந்து விழும் ஃபோட்டான்கள் குறையும். தெவிட்டு மின்னோட்டம் (வெளிவரும் எலக்ட்ரான்கள் எல்லாம் சேகரிக்கப்படும்போது கிடைக்கும் பெரும மின்னோட்டம்) பற்றிய கேள்வி வந்தால், எதை மாறாமல் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு முதலில் அடிக்கோடிடுங்கள்.