ஆஃபர் லெட்டர் வந்த பிறகுதான் வேலையே இருக்கிறது: பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஊடகப் பயிற்சிப் பணிகள்

பிரிட்டனில் ஊடகத்துறைக்குள் நுழைய நினைக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே சம்பளத்தோடு சில பயிற்சிப் பணிகள் இருக்கின்றன. பிபிசியின் 'எக்ஸ்டெண்ட்' அவற்றில் பலரும் அறிந்த பெயர். விளம்பரம் வந்ததும் எல்லோரும் விண்ணப்பத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் இந்த வேலைகள் பெரும்பாலும் சொதப்புவது அதற்குப் பிறகு: வேலை உறுதியான நாளுக்கும் முதல் ஷிப்டுக்கும் நடுவில்.

முதலில் இரண்டு சந்தேகங்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் வேலை ஒதுக்கினால் சட்டப்படி செல்லுமா? செல்லும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில், மாற்றுத்திறனாளிக்குக் கூடுதல் சலுகை கொடுத்தார்கள் என்று மாற்றுத்திறனாளி அல்லாத ஒருவர் பாகுபாட்டு வழக்குப் போட முடியாது. அடுத்தது, 'நான் அந்தக் கணக்கில் வருவேனா?' இந்தியாவில் 40 சதவீதம், சான்றிதழ், அடையாள அட்டை என்று பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அங்கே சட்டத்தில் சதவீதமே கிடையாது. அன்றாட வேலைகளைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கிற, 12 மாதமோ அதற்கு மேலோ நீடிக்கிற உடல் அல்லது மனக் குறைபாடு என்பதுதான் அளவுகோல். டிஸ்லெக்சியா, நாள்பட்ட சோர்வு நோய், நீண்டகால மனச்சோர்வு எல்லாம் இதற்குள் வரலாம். கைத்தடி, சக்கர நாற்காலி இல்லையே என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

விளம்பரத்தில் பார்க்க வேண்டிய சொல் ஒன்று உண்டு: 'அப்ரெண்டிஸ்'. 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாகவும், அப்ரெண்டிஸ் விகிதம் 7.55 பவுண்டாகவும் இருந்தன. 19 வயதுக்கு உட்பட்ட அப்ரெண்டிஸ்களுக்கும், வயது எதுவானாலும் பயிற்சியின் முதல் வருடத்தில் இருப்பவர்களுக்கும் இந்தக் குறைந்த விகிதத்தையே கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பல நிறுவனங்கள் இதற்கு மேலேயே கொடுக்கின்றன. இருந்தாலும் வருடச் சம்பளத் தொகை எழுத்தில் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். லண்டனில் அப்ரெண்டிஸ் விகிதச் சம்பளத்தில் வாடகை வீடு எடுத்துத் தங்குவது நடக்காத காரியம்.

உதவித்தொகையைச் சம்பளத்தோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. என்சிடிஜே எனப்படும் பத்திரிகையாளர் பயிற்சிக் குழு நிர்வகிக்கும் 'ஜர்னலிசம் டைவர்சிட்டி ஃபண்ட்' 2005 முதல் படிப்புச் செலவுக்குப் பணம் தருகிறது. அதே குழுவோடு சேர்ந்து 'எபிலிட்டி டுடே' நடத்தும் மாற்றுத்திறனாளிப் பத்திரிகையாளர் அகாடமி, வீட்டிலிருந்தே படிக்க வழி செய்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் இரண்டுமே படிப்பு. வேலை ஒப்பந்தம் கையில் வராது.

விண்ணப்பத்தில் நோயின் பெயரை எழுதிவிட்டு, மிச்சத்தை அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடுவது வழக்கமான தவறு. மனிதவளத் துறையில் இருப்பவருக்கு 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்ற கண்நோயின் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. தடை எது, அதற்கு மாற்று எது என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் வேலை நடக்கும். உதாரணமாக, திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் 'ஸ்கிரீன் ரீடர்' மென்பொருளைப் பயன்படுத்தும் ஒருவர் இப்படி எழுதலாம்:

"எழுத்துத் தேர்வு 45 நிமிடம் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் ஸ்கிரீன் ரீடர் வழியாகப் படிப்பவர். ஸ்கேன் செய்த பிடிஎஃப் எனக்கு வெற்றுத்தாள் போலத்தான். எனவே தேர்வுத்தாளை வேர்ட் கோப்பாக அனுப்பவும். எழுதியதைத் திரும்பக் கேட்டுச் சரிபார்க்க 15 நிமிடம் கூடுதலாக வேண்டும். என்னுடைய லேப்டாப்பிலேயே எழுத அனுமதிக்கவும்."

இவ்வளவு போதும். மருத்துவ வரலாறு வேண்டாம். வேலை தரும் முன் உடல்நிலையைப் பற்றிக் கேள்வி கேட்க நிறுவனங்களுக்குச் சட்டம் விதித்திருக்கும் கட்டுப்பாடே கடுமையானது. நேர்காணலுக்கு என்ன வசதி வேண்டும் என்று கேட்கலாம். ஏன் என்று துருவக் கூடாது. அந்த வேலையின் அடிப்படையான பணியைச் செய்ய முடியுமா என்று கேட்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

இனி ஆஃபர் வந்த பிறகு. 'ஆக்சஸ் டு வொர்க்' என்ற அரசு மானியம் ஒன்று இருக்கிறது. சைகைமொழி பெயர்ப்பாளர், உதவியாளர், சிறப்பு மென்பொருள், பொதுப் போக்குவரத்தில் போக முடியாதவர்களுக்கு டாக்சி என்று பலவற்றுக்கும் அது பணம் தரும். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வருட உச்சவரம்பு 2024 ஏப்ரலில் 69,260 பவுண்டாக இருந்தது. விண்ணப்பிக்க வேண்டியவர் நீங்கள். நிறுவனம் உங்களுக்காகச் செய்து தராது. 'எச்ஆர் பார்த்துக்கொள்வார்கள்' என்று காத்திருந்து காலத்தைக் கோட்டைவிடுபவர்கள் நிறையப் பேர். வேலை தொடங்க 12 வாரம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். தேதி குறித்த ஆஃபர் லெட்டர் கையில் வந்த அன்றே போட்டுவிடுங்கள். காத்திருப்புப் பட்டியல் மாதக்கணக்கில் நீள்கிறது. தொடங்கும் தேதி நெருங்கிவிட்டால் அதைச் சொல்லி மறுபடி தொலைபேசியில் பேசுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களின் விண்ணப்பங்களுக்கு முன்னுரிமை உண்டு.

ஆறு வாரக் கணக்கு இன்னொன்று. வேலையில் சேர்ந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பித்தால் கருவிகளின் முழுச் செலவையும் அரசே ஏற்கும். அதைத் தாண்டினால் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் பங்கைப் போட வேண்டும். 250 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனமென்றால் முதல் 1,000 பவுண்டும், அதன்பின் 10,000 வரை 20 சதவீதமும் அவர்கள் தலையில். பட்ஜெட்டை இழுத்துப் பிடிக்கும் மேலாளர் ஒருவர் எந்தக் கருவியை 'அடுத்த நிதியாண்டில் பார்ப்போம்' என்பார் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

டாக்சிக்கு வழக்கமாக மூன்று நிறுவனங்களின் விலைப்பட்டியல் கேட்பார்கள். அதையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பணம் பெரும்பாலும் செலவழித்த பிறகுதான் வரும் என்பதுதான் யாரும் சொல்லாத சிக்கல். ஒரு வழிக்கு 20 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், மாதம் 20 நாளுக்கு 800 பவுண்டு. முதல் சம்பளமே மாதக் கடைசியில்தான் வரும். இந்த இடைவெளிக்கு நிறுவனத்திடம் முன்பணம் கேளுங்கள், அல்லது டாக்சி நிறுவனம் மாதாந்தரக் கணக்கு திறக்குமா என்று பாருங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

செய்தியறைக்குள் வந்தால் பிரச்சினைகள் துறைக்கே உரியவை. செய்தி எழுதிச் சேர்க்கும் மென்பொருள்கள் பல, ஸ்கிரீன் ரீடரை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. திரையில் அழகான சின்னங்களோடு பத்து பட்டன்கள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குப் பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால் ஜாஸ், என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர்கள் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே வாசிக்கும். எது சேமிப்பது, எது வெளியிடுவது என்று தெரியாமல் எந்தப் பயிற்சியாளர் தைரியமாக அழுத்துவார்? முதல் நாளில் இதைக் கண்டுபிடித்தால் அந்த மாதமே போயிற்று. வெளி மென்பொருளை நிறுவன லேப்டாப்பில் ஏற்ற ஐடி பாதுகாப்புக் குழுவின் அனுமதிக்கே வாரக்கணக்கில் ஆகும். சேர்வதற்கு முன்பே சோதனைக் கணக்கு ஒன்று கேட்டு, ஒரு செய்தியை எழுதி, திருத்தி, அனுப்பிப் பாருங்கள். குரலால் தட்டச்சு செய்பவர்கள் திறந்தவெளி அலுவலகத்தின் இரைச்சலைக் கணக்கில் எடுக்க வேண்டும். இரைச்சல் வடிகட்டும் மைக்கும், அறை ஒன்றும் சேர்த்தே கேளுங்கள்.

நீதிமன்றம் தனிக்கதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், அனுமதியில்லாமல் விசாரணையை ஒலிப்பதிவு செய்வதைத் தடுக்கிறது. அதனால்தான் நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தில் டீலைன் சுருக்கெழுத்துக்கு இன்னும் மதிப்பு. கை ஒத்துழைக்காத ஒருவரிடம் 'ரெக்கார்டர் வைத்துக்கொள்' என்று சொல்லிச் சமாளிக்கும் செய்தி ஆசிரியர், அவரை நீதிமன்றச் செய்திகளிலிருந்தே ஒதுக்கிவிடுகிறார். பேச்சை எழுத்தாக்கும் ஆப்பும் ஒலியைப் பிடிப்பதால் அதே சிக்கலில் மாட்டும். வழி இல்லாமலில்லை. 2011 டிசம்பரிலிருந்து பத்திரிகையாளர்கள் தனியாக அனுமதி கேட்காமலே நீதிமன்றத்திலிருந்து நேரடியாக எழுத்துச் செய்தி அனுப்பலாம்; தட்டச்சு வருபவருக்கு அது போதும். காது கேளாதவர்களுக்கு, அங்கேயே அமர்ந்து பேசுவதை எழுத்தாக்கித் தரும் பணியாளரை அழைத்துச் செல்ல, நீதிமன்ற அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். அப்படியே பத்திரிகையாளர் இருக்கைக்குப் படி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் உண்டு.

சைகைமொழி பெயர்ப்பாளர்கள் நீண்ட வேலைக்கு இருவராக வந்து, 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அவர்கள் வாரக்கணக்கில் முன்பதிவு ஆகிவிடுவார்கள். தீ விபத்தோ ராஜினாமாவோ அதற்காகக் காத்திராது. ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியே ஆள் தேடினால், அவசரச் செய்தி எப்போதும் பக்கத்து மேசைக்குத்தான் போகும். ஷிப்டோடு சேர்த்தே நேரத்தை மொத்தமாக முன்பதிவு செய்து, அவசரத்துக்குக் காணொளி வழிப் பெயர்ப்பையும் வைத்துக்கொள்வதுதான் நடைமுறையில் ஓடுகிறது.

மாற்றுத்திறனாளிகள் பற்றிய செய்திகளை மட்டுமே தலையில் கட்டுவது இன்னொரு நோய். பயிற்சித் திட்டத்தில் எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்பதை எழுத்தில் வாங்கினால் ஓரளவு தப்பிக்கலாம்.

அரசு உதவிகள் பற்றி ஒரு வரி: மாற்றுத்திறனாளிகளின் கூடுதல் செலவுக்கான 'பிப்' உதவித்தொகை சம்பளத்தைப் பார்த்துக் குறையாது. குறைந்த வருமானத்தினருக்கான 'யுனிவர்சல் கிரெடிட்' குறையும். அதில் வேலை செய்யும் திறன் குறைவு என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கு, 2025-26இல் மாதம் 684 பவுண்டு வரை (வீட்டு வாடகை உதவியும் பெற்றால் 411) சம்பளம் கழிவில் சேராமல் இருந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் பிடிப்பார்கள்.

ஒப்பந்தம் முடிந்து வேறு நிறுவனத்துக்குப் போனால் 'ஆக்சஸ் டு வொர்க்' தானாகக் கூடவே வராது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய மதிப்பீட்டு அறிக்கை, வாங்கிய கருவிகளின் பட்டியல், டாக்சி ரசீதுகள் எல்லாவற்றையும் நிறுவன மின்னஞ்சல் மூடப்படும் முன் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.