இறுகிப்போன எஞ்சினை இளக்குதல்

பல ஆண்டுகள் மழையில் நனைந்து நின்ற ஒரு பழைய எஞ்சின் கைக்கு வந்தால், பெரும்பாலானோர் முதலில் அதன் ஃபிளைவீலை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் கனமான சுழல்சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிப் பார்ப்பார்கள். அது அசையாது. உடனே ஒரு நீளமான இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஆரங்களுக்கு நடுவே செருகி நெம்புவார்கள். நான் இதுவரை பிரித்துப் பார்த்த பழைய எஞ்சின்களில், விரிசல் விட்ட ஃபிளைவீலும் உடைந்த பிஸ்டனும் பெரும்பாலும் இப்படி நெம்பியதால் வந்தவை. துரு தின்ற இடத்தைத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். உடைந்த வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது மிகக் கடினம்.

கடைசியாக நான் எடுத்துக்கொண்டது, பிரிட்டனில் 1930-களில் செய்யப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சிலிண்டர் செங்குத்தாக நிற்கும். உள்விட்டம் மூன்று அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். குளிர்விப்பதற்குச் சுற்றிலும் ஒரு நீர்த்தொட்டி. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்தபோது, பிஸ்டனின் தலைமேல் செம்பழுப்பு நிறத்தில் துரு மண்டிக் கிடந்தது. எஞ்சினைக் கடைசியாக நிறுத்தியபோது புகை வால்வு திறந்த நிலையில் நின்றிருக்க வேண்டும். மூடியில்லாத புகைக்குழாய் வழியாக இறங்கிய மழைநீர் நேரே சிலிண்டருக்குள் போய்விட்டது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும் என்பதால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருந்த நூலிழை இடைவெளியைத் துருவே ஆப்பு வைத்ததுபோல் அடைத்துவிடுகிறது.

ஆப்பை இளக்க எண்ணெய் இறங்க வேண்டும். எண்ணெய் இறங்க நாள் பிடிக்கும். தானியங்கி கியர்ப் பெட்டிக்கு ஊற்றும் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து, நன்றாகக் குலுக்கி, பிளக் துளை வழியாகப் பிஸ்டனின் மேல் அரை அங்குலம் நிற்கும்படி ஊற்றினேன். இவை இரண்டும் நெடுநேரம் கலந்து நிற்பதில்லை, ஆகவே ஒவ்வொரு முறையும் குலுக்கியே ஊற்ற வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அதன் ஆவி முழுதும் போகும்வரை அருகில் நெருப்பும் கூடாது, சூடும் கூடாது. அது ஆவியாகிப் போன பிறகு, இரண்டு நாளைக்கு ஒருமுறை நீர்த்தொட்டியில் முதலில் வெதுவெதுப்பான நீரும் பிறகு கொதிநீரும் ஊற்றினேன். வார்ப்பிரும்பு 60 டிகிரி சூடேறினால் 76 மில்லிமீட்டர் விட்டம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் விரியும். பிஸ்டனைவிடச் சிலிண்டர் முந்திச் சூடாவதால், அந்தச் சில நிமிடங்களில் துருவின் பிடி சற்றே தளரும். எண்ணெய் அந்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும்.

ஃபிளைவீலின் விளிம்பில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதற்கு நேராக உடற்சட்டத்தில் ஒரு கம்பியைக் கட்டி வைத்தேன். தினமும் காலையில் இரண்டு கைகளால் முன்னும் பின்னுமாகப் பத்து முறை தள்ளுவேன். அதற்கு மேல் கிடையாது. இருபத்து மூன்றாம் நாள் கோடு கம்பியைவிட்டு ஒரு நூல் விலகியிருந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று விரல் நகத்தை வைத்துப் பார்த்தேன். நகம் அந்த இடைவெளியில் பதிந்தது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி, பிறகு எஞ்சின் ஓடியபோதுகூட அந்த அளவுக்கு உண்டாகவில்லை.

அசைந்துவிட்டது என்பதற்காக முழுச் சுற்றும் சுற்றிவிடக் கூடாது. வால்வின் தண்டும் துருவில் சிக்கியிருக்கும். மேல்வால்வு எஞ்சினாக இருந்தால் வால்வைத் திறக்க உதவும் தள்ளுகோல் வளைந்துவிடும்; பக்கவால்வு எஞ்சினில் தூக்கிய வால்வு தூக்கியபடியே நின்றுவிடும். வால்வுகளையும் இளக்கிய பிறகே பிஸ்டனை வெளியே எடுத்தேன். மூன்று ரிங்குகளில் இரண்டு எடுக்கும்போதே உடைந்தன. சிலிண்டரை ஹோனிங் செய்து, அதாவது உட்சுவரைச் சாணைக்கல்லால் தேய்த்துச் சீராக்கி, புது ரிங் போட வேண்டியதாயிற்று.

நட்டு, போல்ட் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் முன்பு ஓர் எஞ்சினில் நானே ஒரு துளையைக் கெடுத்திருக்கிறேன். ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரையின் கோணம் 55 டிகிரி. பின்னாளில் வந்த யூனிஃபைடு மரையின் கோணம் 60 டிகிரி. அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, யூனிஃபைடின் பருமரையான கோர்ஸுக்கு 13. மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக ஏறி, பிறகு இறுகும். துருதான் இறுக்குகிறது என்று நினைத்து ஸ்பானரை அழுத்தினேன். வார்ப்பிரும்பின் மரை பொடியாக உதிர்ந்தது. அன்றிலிருந்து மரையின் அளவைக் காட்டும் மரை கேஜ் வைத்துப் பார்க்காமல் ஒரு போல்ட்டையும் ஏற்றுவதில்லை.

பேரிங் பேபிட் உலோகத்தில் வார்த்தது. ஐசக் பேபிட் 1839-இல் காப்புரிமை பெற்ற இந்த வெள்ளீயம், ஆன்டிமனி, செம்புக் கலவை மென்மையானது. எண்ணெயில் வரும் சிறு தூசியைத் தனக்குள் புதைத்துக்கொண்டு பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டைக் கீறலிலிருந்து காக்கும். பேரிங் மூடியின் இருபுறமும் மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். தேய்ந்த அளவுக்கு ஒவ்வொன்றாக உருவி இடைவெளியைக் குறைக்கலாம். எந்தத் தகடு எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதி, தனித்தனி உறையில் போட்டு வைக்க வேண்டும்.

பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவில் கண்டென்சரை மட்டும் மாற்றினேன். பழைய லாடக் காந்தத்தைக் கழற்றும்போது அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை வைக்காவிட்டால் காந்தம் வலுவிழக்கும். சிலிண்டருக்கும் அதன் தலைமூடிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் செம்பும் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) சேர்ந்தது. அதை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்து, முகமூடி அணிந்து எடுத்தேன்.

பெயின்ட்டில் நான் கை வைக்கவில்லை. நீர்த்தொட்டியில் படிந்திருந்த மசியைச் சோப்பு நீரால் துடைத்தபோது, தொழிற்சாலையில் தூரிகையால் இழுத்த மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. ஒரு முனையில் அந்தக் கை சற்றே நடுங்கியிருக்கிறது. எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்ததோடு விட்டுவிட்டேன். புத்தம் புதிதாகப் பளபளக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இதை ஏற்கமாட்டார்கள், ஆனால் சுரண்டிய பிறகு அந்தக் கோட்டை யாராலும் திரும்பப் போட முடியாது.

முதல் ஓட்டம் மூன்று நிமிடம்தான். நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்து, விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். காந்தத்தை இழுத்தபோது மெல்லிய இரும்புப் பொடி ஒட்டியது. புது ரிங்கு சிலிண்டரோடு பழகும்போது அது வருவதுதான். வெள்ளி நிறத்தில் மினுங்கும் பேபிட் துகள் ஒன்றுகூட இல்லை. புது எண்ணெய் ஊற்றி, மறுநாள் அரை மணி நேரம் ஓடவிட்டேன்.