ஃபிரிட்ஜில் ஆறு கிழங்குகள்

கடலூர், 2024

அக்டோபர் 13, ஞாயிறு

அல்லியம் என்ற அலங்கார வெங்காயப் பூவின் கிழங்குகளை ஃபிரிட்ஜில் வைத்து ஐந்து வாரம் முடிந்தது. இன்னும் ஏழு. ஆறு கிழங்கும் கெட்டியாகத்தான் இருக்கின்றன. காகிதப் பையில் ஈரம் இல்லை.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆப்பிள் வாங்கி வருகிறார்கள். பழுக்கிற பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் உருவாகும் மொட்டைக் கெடுத்துவிடும். அதனால் அம்மாவின் ஆப்பிள் எல்லாம் மேசை மேல். சுருங்கிப் போகிறது. போகட்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

பருவமழை தொடங்கிவிட்டதாம். தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றினேன். அம்மா இன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அக்டோபர் 19, சனி

கார்லிக் சைவ்ஸ் தொட்டி நெருக்கமாகிவிட்டது. தட்டை இலை, கிள்ளினால் பூண்டு வாசனை. வெங்காய இனத்தில் நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் சளைக்காமல் நிற்கும் செடி இது. குளிர் கேட்பதில்லை, கிழங்கைத் தோண்டி எடுத்து வைக்க வேண்டியதுமில்லை. வெங்காயத் தாள் போல அறுத்து முட்டையில் போட்டாலும் ருசி.

தொட்டியைக் கவிழ்த்து, வேர்க்கட்டியை அப்படியே அம்மாவின் மடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். பிசியோதெரபிக்கு வரும் பையன் கொடுத்த ரப்பர் பந்தைத் தொடக்கூட மாட்டாள். இதைத் தொட்டாள். வலது கை சும்மா கிடக்க, இடது கையால் ஒவ்வொரு கொத்தாகப் பிரித்தாள். கொத்துக்கு நாலைந்து குருத்து, ஒன்றில்கூட வேர் அறவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. நான் இலையை இரண்டு விரற்கடை விட்டு வெட்டி, செம்மண்ணும் ஆற்று மணலும் மக்கிய சாணமும் கலந்த தொட்டிகளில் நட்டேன். ஒன்பது தொட்டி.

கடைசியில் விரலை முகர்ந்து பார்த்தாள். கையைக் கழுவ விடவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

பிரிக்காமல் விட்ட பழைய தொட்டியின் இலையில் வெள்ளைக் கோடுகள். இலைப்பேன். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தேன். குருத்துக்குள் ஒளிந்துகொள்ளும், அங்கேயும் படவேண்டும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு அம்மா திடுக்கிட்டுக்கொண்டே இருந்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 6, புதன்

எதிர்வீட்டு அக்கா தேவனாம்பட்டினம் மணலிலிருந்து ஒரு கிழங்கு பிடுங்கி வந்தார். “உனக்குத்தான் காட்டு வெங்காயம்னா உயிராச்சே.” பார்த்ததும் பதறிவிட்டேன். நரி வெங்காயம் மாதிரி இருந்தது. சித்த மருந்தில் சேர்ப்பார்கள் என்றாலும் சும்மா தின்றால் விஷம், நெஞ்சுத் துடிப்பையே பாதிக்கும். இலையைக் கசக்கி அவரையே முகரச் சொன்னேன். வெங்காய வாசனை துளியும் இல்லை. அந்த வாசனை இல்லாத எதையும் வெங்காயம் என்று நம்பக் கூடாது. மழை லில்லிக் கிழங்கும் இப்படித்தான் ஏமாற்றும். அவர் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கோபமாகப் பேசிவிட்டேனோ என்று இரவெல்லாம் உறுத்தல்.

நவம்பர் 17, ஞாயிறு

பத்து வாரம்.

தம்பி பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். “அக்கா, கடலூர்ல அல்லியம் வராது, விட்டுடு.” எனக்கும் தெரியும். அது மத்திய ஆசிய மலைச்செடி. பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் குளிரில் கிடந்தால்தான் உள்ளே இருக்கும் பூத்தண்டு நீளும். இங்கே மார்கழி ராத்திரியில்கூட 20 டிகிரிதான். அதற்காகத்தானே இந்த ஃபிரிட்ஜ். பன்னிரண்டு வாரம், ஐந்து டிகிரி. அதன் பிறகும் நம் மாசி வெயிலைத் தாண்ட வேண்டும். அதுவும் தெரியும்.

ஆனால் ஆகஸ்டில் அம்மா படத்தில் விரல் வைத்துக் காட்டியது இதைத்தான். ஊதா நிற உருண்டை, ஓர் ஆள் உயரத் தண்டு. “பட்டாசு வெடிச்சு அப்படியே நின்னுட்ட மாதிரி இருக்குடி” என்றாள். அவள் பேசியதில் எனக்கு முழுதாக நினைவிருக்கும் கடைசி வாக்கியங்களில் அது ஒன்று. தம்பியிடம் அதைச் சொல்லவில்லை.

நவம்பர் 20, புதன்

ஆப்பிள். மறுபடியும் யாரோ உள்ளே வைத்துவிட்டார்கள். எவ்வளவு நேரம் இருந்ததோ.

நவம்பர் 26, செவ்வாய்

பழைய தொட்டியில் மெல்லிய உறை கிழிந்து பூ விரிந்தது! சின்னச் சின்ன வெள்ளை நட்சத்திரங்கள். இலைக்குத்தான் பூண்டு வாசனை, பூவுக்கு லேசான இனிப்பு வாசனை. விதை கறுப்பதற்குள் தலையைக் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாத் தொட்டியிலும் முளைக்கும். தொட்டியைக் கட்டிலருகே கொண்டுபோனேன்.

“வெள்ளை” என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். நான் கேட்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

புயலுக்கு ஃபெஞ்சல் என்று பெயர். தொட்டிகள் மாடிப்படிக்குக் கீழே. 2011-ல் ‘தானே’ புயல் அன்று பண்ருட்டியில் பலா சாய்ந்தது அம்மாவுக்கு ஞாபகம் வந்திருக்குமோ? காற்றுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 30, சனி

கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது.

டிசம்பர் 1, ஞாயிறு

பன்னிரண்டு வாரம். நடவேண்டிய நாள் இன்று. புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழையாம். இந்த ஈரத்தில் நட்டால் அழுகும். நடாவிட்டால், கரண்ட் இல்லாத ஃபிரிட்ஜுக்குள் சூடேறி, பட்ட குளிரெல்லாம் வீணாகும். நாள் முழுக்க இதையே நினைத்தேன். அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கவே அரை மணி தாமதம். வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் திறந்தேன். ஒன்று மெத்தென்று இருந்தது. ஐந்து நன்றாக இருக்கின்றன. ஒன்றில் பச்சை முனை.

டிசம்பர் 2, திங்கள்

சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்திருக்கிறார்கள். தென்பெண்ணை தெருமுனைக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைப் பூத் தொட்டியும் மேலே வந்துவிட்டது. மற்றவை படிக்குக் கீழேதான். கிழங்குகள் என் முந்தானை முடிச்சில். போனில் 9 சதவீதம். மாத்திரைப் பை கீழே அலமாரியில், எடுக்கப் போகிறேன்